பேட்ச் கண்காட்சி: படத்துக்கு முன்னால் சுவரை அளந்துவிடுங்கள்

கவின்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு நெருங்கும்போது எல்லா பேட்சிலும் "நாம சேர்ந்து ஒரு ஷோ போடலாமா?" என்ற பேச்சு வரும். பத்துப் பன்னிரண்டு பேர் கை தூக்குவார்கள். ஆளுக்கு நான்கு படம் கொண்டுவருவார்கள். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவில்தான் சுவர் போதாது என்று தெரியும். யார் படம் வாசலுக்கு எதிரே, யாருடையது தூணுக்குப் பின்னால் என்ற மனக்கசப்பு அங்கே ஆரம்பிக்கும். முதல் வாரத்திலேயே கூடத்தை அளந்து, அந்தக் கூடம் முழுக்க எல்லோருக்கும் பொதுவான ஒரே வேலை என்று முடிவுசெய்துகொண்டால் இந்தச் சிக்கலில் முக்கால்வாசி எழாது. இந்தக் குறிப்பு முழுவதும் அந்த ஒரு எண்ணத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சேர்ந்து செய்வது சென்னைக்குப் புதிதில்லை. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியைச் சுற்றி 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் உருவானது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தபோது, கலைஞர்கள் கூட்டாகச் செய்து விற்ற பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றிய) துணிகளின் வருமானம் அதற்குக் கைகொடுத்தது. கூட்டாகச் செய்வது, கூட்டாகக் காட்டுவது, கூட்டாகக் கணக்குப் பார்ப்பது ஆகிய மூன்றையும் அவர்கள் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். மாணவர்களும் அப்படி வைத்துக்கொள்வதே நல்லது.

இங்கே சொல்லும் அளவுகள் 10 முதல் 12 பேர், ஒரு கூடம், ஒரு வாரம் என்ற கணக்குக்கு.

கூடமும் தேதியும்

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி கூடம் ஆகட்டும், கல்லூரியின் சொந்தக் கூடம் ஆகட்டும், தேதிக்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். முடிந்தவரை அக்டோபர் பாதி முதல் டிசம்பர் பாதி வரை தவிர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் காகிதம் நெளியும், கேன்வாஸ் தொய்யும், எண்ணெய் வண்ணம் காயாமல் மக்கர் செய்யும், டெம்போவில் ஏற்றி இறக்கும்போது ஒரு தூறல் போதும் வேலை கெட. ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் சென்னைக்குத் தோதான காலம்.

தேதி கிடைத்ததும் இஞ்ச் டேப்போடு இரண்டு பேர் போய் வாருங்கள். சுவரின் நீளம், உயரம், கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு, ஏசி காற்று விழும் இடம், மாலை வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் பாயின்ட் எத்தனை, எங்கே என்பதை வீடியோ வைப்பவர்கள் கடைசி நாளில்தான் கேட்பார்கள். இப்போதே குறித்தால் அன்றைக்குத் திண்டாட்டம் இல்லை. கூடப் பொறுப்பாளரிடம் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி: ஆணி அடிக்கலாமா, இல்லை மேலே ரெயில் வைத்துக் கம்பியில்தான் தொங்கவிட வேண்டுமா? செங்கல் சுவரா, ஜிப்சம் தடுப்பா, பிளைவுட்டா என்பதைக் கையால் தட்டிப் பாருங்கள். ஜிப்சம் பலகையில் சாதாரண ஆணி 4 கிலோ படத்தைக்கூட ஒரு வாரம் தாங்கும் என்று நம்ப முடியாது.

இப்போது கணக்கு. 20, 20, 30 அடியில் மூன்று சுவர் என்றால் 70 அடி. கதவுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் 6 அடி கழித்தால் 64 அடி. 12 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 5 அடி 4 இஞ்ச், படத்துக்கு நடுவில் விடும் இடைவெளியும் அதற்குள்தான். அதாவது மூன்றரை அடி அகலத்தில் ஒரு வேலை, அல்லது 20 இஞ்ச் அகலத்தில் இரண்டு. இந்த எண்ணை எல்லோருக்கும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், ஆறடி கேன்வாஸ் ஆரம்பிக்க நினைத்தவர் அப்போதே இடம் கேட்பார், மற்றவர்கள் விட்டுக்கொடுக்கலாமா என்று அப்போதே பேசலாம். கேன்வாஸ் முடிந்தபிறகு அந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் மனம் நோகாமல் முடியாது.

பணம், பொறுப்பு, எழுத்து

கூடத்து வாடகை, அழைப்பிதழ், லேபிள், வண்டிக்கூலி, பட்டி, பெயின்ட் ஆகியவற்றைச் சம பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம் அவரவர் செலவு. பணம் ஒருவர் கையில், கணக்கு நோட்டு இன்னொருவர் கையில் இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நல்ல நட்பும் கெட்டுப்போகும். மொத்த மதிப்பீட்டோடு ஆறில் ஒரு பங்கு கூடுதலாக வசூலித்து வைத்தால் கடைசி நேரக் கண்ணாடி உடைசலுக்கு ஆகும். மீதியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். படம் விற்றால் கூடத்துக்கு எத்தனை சதவீதம், பொது நிதிக்கு ஏதாவது உண்டா, கூட்டாகச் செய்த வேலையை யார் வைத்துக்கொள்வது, அதன் புகைப்படத்தை யார் யார் தங்கள் தொகுப்பில் பயன்படுத்தலாம், வேலை சேதமானால் யார் பொறுப்பு. இந்த ஐந்தும் இருந்தால் போதும்.

சேர்ந்து செய்யும் வேலை

எல்லோரும் தனித்தனியாக வரைந்ததை அருகருகே மாட்டுவது ஒரு வழி. சேர்ந்து செய்த ஒரு வேலையாவது கூடத்தில் இருந்தால் கண்காட்சிக்கு முதுகெலும்பு கிடைக்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மாணவர்களுக்கு இரண்டு வகை நன்றாகக் கைகூடும்.

முதலாவது அச்சுத் தொகுப்பு. 10 பேர், ஆளுக்கு ஒரு லினோகட் (லினோலியத்தைச் செதுக்கி எடுக்கும் அச்சு) அல்லது எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டில் எடுக்கும் அச்சு), ஒவ்வொன்றும் 12 பிரதி. 10 பிரதி தோழர்களுக்குள் பரிமாற, ஒன்று கண்காட்சிக்கு, ஒன்று துறைக்கு. மொத்தம் 120 அச்சு. 22 × 30 இஞ்ச் தாளை நான்காகக் கிழித்தால் 11 × 15 இஞ்ச் கிடைக்கும். ஆக 30 தாள். கெட்டுப்போவதற்கு 6 தாள் சேர்த்து 36 தாளை ஒரே தடவையில், ஒரே கட்டில் வாங்குங்கள். கைக்காகிதம் என்றால் கட்டுக்குக் கட்டு தடிமனும் நிறமும் மாறும். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் பத்துப் படத்தில் மூன்று மட்டும் மஞ்சளாகத் தெரியும். தாளைக் கத்தரிக்காமல் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்தால் ஓரம் நன்றாக இருக்கும்.

பிளாக்கின் அளவை எல்லோருக்கும் 8 × 10 இஞ்ச் என்று வைத்தால், பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச், மேலே 2, கீழே 3 இஞ்ச் ஓரம் வரும். கீழே கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணும் கையெழுத்தும் அங்கேதான் வரும், சரிசமமாக விட்டால் படம் சரிந்து இறங்கியதுபோலவும் தோன்றும். பிரஸ் பலகையில் மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி, அதில் தாளின் மூலையையும் பிளாக்கின் மூலையையும் பேனாவால் குறித்துவையுங்கள். பத்துப் பேரும் அந்த ஒரே குறியில் அச்சிட்டால்தான் சுவரில் வரிசையாக வைக்கும்போது படங்கள் ஏறி இறங்காமல் நிற்கும்.

லினோவில் மை போடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ரோலர் ஓடும்போது பட்டுச்சேலை உரசுவதுபோல் மெல்லிய சரசரப்பு வந்தால் மை சரியான அளவு. சப்புசப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம் வந்தால் அதிகம். நுண்ணிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று அச்சு வெளிறித்தான் வரும், லினோ மையைக் குடிக்கும். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஆறேழு அச்சுக்குப் பிறகு கோடுகளுக்குள் மை தேங்கினால் ஒரு வெற்றுத் தாளில் இரண்டு தடவை மை போடாமலே அச்செடுத்து இளக்கிவிட்டுத் தொடருங்கள். எட்சிங் என்றால் தாளை 20 முதல் 30 நிமிடம் நீரில் ஊறவைத்து, நீர் உறிஞ்சும் பிளாட்டிங் தாள் நடுவில் வைத்து ஒற்றி, மேலே நீர் மினுங்காத பதத்தில் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். மினுமினுப்போடு போட்டால் மை தாளில் ஏறாமல் வெள்ளைத் திட்டு விழும்.

மனதுக்குப் பிடித்த அச்சு ஒன்று வந்ததும் அதை மாதிரி என்று பென்சிலால் எழுதிச் சுவரில் குத்திவிடுங்கள். அடுத்து எடுக்கும் ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எண்ணிடுவது. கீழே இடதுபக்கம் 3/12 (பன்னிரண்டில் மூன்றாவது) என்று எண், நடுவில் தலைப்பு, வலதுபக்கம் கையெழுத்து, எல்லாமே பென்சிலில். எண்ணெய் மை தொட்டால் ஒட்டாத அளவு காய ஒரு வாரம் ஆகலாம், ஈரக்காற்றில் இன்னும் இழுக்கும். காய்ந்தபிறகும் ஒவ்வொரு அச்சுக்கும் நடுவில் கிளாசைன் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள் வைத்தே அடுக்குங்கள்.

இரண்டாவது வகை, பலகைகளைச் சேர்த்த பெரிய ஓவியம். 2 அடிச் சதுரத்தில் 9 கேன்வாஸ், ஆளுக்கு ஒன்று, சேர்த்தால் 6 அடிச் சதுரம். கேட்க எளிது, கெடுவதற்கு நான்கு வழி உண்டு. முதலில் ஸ்ட்ரெச்சர், அதாவது கேன்வாஸை இழுத்து அடிக்கும் மரச்சட்டம். வெவ்வேறு கடையில் வாங்கினால் ஒன்றுக்கு 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். மூன்று சேர்ந்தால் 9 மில்லிமீட்டர் பிளவு கண்ணை உறுத்தும். ஒரே தச்சரிடம் ஒரே நாளில் ஒன்பதையும் அடித்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று டேப் வைத்துப் பாருங்கள். சமமாக இல்லாவிட்டால் அது சதுரமே இல்லை. அடுத்து ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு: ஒரே டப்பாவில் கலக்கி ஒரே கையால் மூன்று பூச்சு. ஒருவர் இரண்டு பூச்சு, இன்னொருவர் நான்கு பூச்சு என்று போனால் ஒரே நீலம் இரண்டு பலகையில் இரண்டு விதமாக உறிஞ்சப்படும். மூன்றாவது நிறம். மூன்று பொது நிறங்களை மூடி போட்ட ஜாடியில் மொத்தமாகக் கலக்கி, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொடுங்கள். மீதி நிறங்களுக்கு அவரவர் சுதந்திரம். நான்காவதாக ஓரங்கள்: ஒவ்வொரு விளிம்பிலும் கடைசி 2 இஞ்சை யாரும் தனியாக முடிக்கக் கூடாது. ஒன்பதையும் தரையில் சேர்த்து வைத்து, பக்கத்துப் பலகைக்காரரோடு உட்கார்ந்து அந்த 2 இஞ்சை இருவரும் சேர்ந்து வரைய வேண்டும். நல்ல கூட்டு வேலைகளில் கண் போய் நிற்பது அந்த இணைப்புக் கோடுகளில்தான். அங்கேதான் ஒருவரின் கை இன்னொருவரின் கையோடு பேசுகிறது.

தேர்வும் அடுக்கும்

கை தூக்கி ஓட்டெடுத்துப் படம் தேர்வு செய்யாதீர்கள். ஓட்டில் ஜெயிப்பது எல்லோருக்கும் பிடித்த நடுவாந்திரப் படம். முரட்டுத்தனமான நல்ல வேலை அடிபட்டுப்போகும். கண்காட்சியில் பங்குபெறாத ஒருவரை, ஒரு ஜூனியரையோ வேறு துறைத் தோழியையோ, தொகுப்பாளராக வைத்து அவர் சொல்வதே முடிவு என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் ஆலோசனை கேட்கலாம். முடிவையும் அவரிடம் விட்டால் அது வகுப்பறை மதிப்பெண்போல ஆகிவிடும்.

அடுக்குவதற்கு 1 அடிக்கு 1 இஞ்ச் என்ற அளவில் சுவர்களைச் சார்ட் தாளில் வரையுங்கள். 20 அடிச் சுவர் 20 இஞ்ச் தாளாகும். ஆளுக்கு ஐந்து வேலையின் புகைப்படத்தை அதே அளவில் அச்செடுத்து வெட்டுங்கள். 36 இஞ்ச் படம் 3 இஞ்ச் துண்டு. மேசையைச் சுற்றி நின்று நகர்த்திப் பாருங்கள். அரை மணி நேரத்தில் சில விஷயங்கள் தாமாகத் தெரியும். செக்கச்சிவந்த பெரிய ஓவியம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் சாம்பலாக்கும். உள்ளங்கை அகல எட்சிங்கை ஆறடி கேன்வாஸ் பக்கத்தில் வைத்தால் யாரும் கிட்டப் போக மாட்டார்கள். அதற்கு ஒரு தனிச் சுவரோ திரும்பும் மூலையோ கொடுங்கள். வாசலுக்கு நேர் எதிரே தெரியும் கடைக்கோடிச் சுவரில் பலமான வேலை இருந்தால் பார்க்க வருபவர் கூடம் முழுக்க நடப்பார். அதை வாசலிலேயே வைத்தால் அங்கேயே நின்று திரும்பிவிடுவார். சத்தமுள்ள வீடியோவை நடுக்கூடத்தில் வைத்தால் மற்ற பதினோரு பேரின் வேலைக்கும் அது பின்னணி இசை ஆகிவிடும், ஹெட்போன் கட்டாயம்.

ஒருவருடைய எல்லா வேலையும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கருவோ நிறமோ ஒத்துப்போனால் இருவர் வேலைகள் கலந்து நிற்கட்டும். லேபிள் எதற்கு இருக்கிறது?

மவுண்ட், ஃப்ரேம், பீடம்

பன்னிரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே மாதிரி 1 இஞ்ச் மரச்சட்டம் சொன்னால் விலை குறையும், கூடமும் ஒழுங்காகத் தெரியும். காகித வேலையை மவுண்டில் (படத்தைத் தாங்கும் அட்டை) ஒட்ட செல்லோடேப், டபுள் டேப், ஃபெவிகால் எதுவும் வேண்டாம். டேப்பின் பசை மஞ்சளாகி தாளுக்குள் இறங்கும், ஃபெவிகாலைத் தாள் கிழியாமல் எடுக்க முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாளில் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு கிழித்து, படத்தின் மேல் விளிம்பில் பின்பக்கம் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். கீழே ஒட்டாமல் விட்டால்தான் ஈரக்காற்றில் தாள் விரிந்து சுருங்க இடம் இருக்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் நடுவில் உப்பும். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, சிறு தீயில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் கிளறிக்கொண்டே காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். மைதா பசை போஸ்டருக்குத்தான் சரி. அதிலுள்ள புரதத்துக்குப் பூச்சி வரும்.

கரி, பேஸ்டல் வேலைகளுக்கு அக்ரிலிக் தகடு போடவே கூடாது. துடைத்ததும் அதில் ஏறும் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடிதான், அதுவும் படத்தைத் தொடாமல் மவுண்ட் நடுவில் இருக்க. 3 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. 24 × 30 இஞ்ச் ஃப்ரேமில் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய மூன்றரை கிலோ. 2 மில்லிமீட்டர் போட்டால் 2.3 கிலோ. ஆணியும் கம்பியும் வாங்கும்போது இந்தக் கணக்கு வேண்டும்.

சிற்பத்துக்கும் சுடுமண் வேலைக்கும் பீடத்தைப் பேட்சிலேயே செய்துகொள்ளலாம். 8 × 4 அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றில் இரண்டு பீடம் வரும். நீளவாக்கில் 1 அடி அகலத்தில் நான்கு பட்டையாக அறுத்து, ஒவ்வொரு பட்டையையும் மூன்றரை அடி, மூன்றரை அடி, மீதி 1 அடி என்று வெட்டுங்கள். எட்டுப் பக்கப் பலகையும் நான்கு சிறு துண்டும் கிடைக்கும். ரம்பம் தின்னும் கனத்தால் பட்டை 12 இஞ்சுக்கு ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) குறைவாகத்தான் இருக்கும், எல்லாம் ஒரே அளவில் குறைந்தால் பரவாயில்லை. நான்கு பலகையையும் சுற்றி வரும்படி சேருங்கள்: ஒவ்வொன்றின் ஒரு விளிம்பு அடுத்ததன் முகத்தில் முட்ட வேண்டும். அப்போது நான்கு பக்கமும் சமமான சதுரம் வரும். இரண்டு பலகையை வெளியேயும் இரண்டை உள்ளேயும் வைத்தால் ஒரு பக்கம் 13 இஞ்ச், மறுபக்கம் 12 என்று கோணலாகும். மேல் பலகையை உள்ளளவுக்கு, சுமார் 11 இஞ்ச் 3 நூல் சதுரமாக இழைத்து, கீழே ரீப்பர் கொடுத்து உள்ளே இறக்குங்கள். விளிம்புகளைப் பட்டி வைத்து இழைத்து, மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட். வயிற்றுக்குள் 10 கிலோ மணல் மூட்டை ஒன்று கட்டாயம். திறப்பு விழா நெரிசலில் தோள்பை இடித்தாலும் பீடம் அசையாது.

மாட்டும் நாள்

முழுதாக ஒரு நாள் ஒதுக்குங்கள், முடிந்தால் இரண்டு. வந்ததும் எதையும் மாட்ட வேண்டாம். எல்லாவற்றையும் அதனதன் சுவரடியில் அட்டை மேல் சாய்த்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். தாளில் சரியாக இருந்தது இங்கே சரியில்லை என்றால் மாற்ற இதுதான் சமயம்.

படங்களின் மையம் தரையிலிருந்து 58 இஞ்சில் வரட்டும். பெரியது சிறியது எதுவானாலும் மையக்கோடு ஒன்றே. மேல் விளிம்பை ஒரே நேராக வைக்கும் பழக்கம் பள்ளிக்கூடக் கண்காட்சியோடு போகட்டும். கிடைமட்ட இடைவெளிக்கு உதாரணம்: 20 அடிச் சுவர் 240 இஞ்ச். 36, 24, 24, 30, 18 இஞ்ச் அகலத்தில் ஐந்து படங்கள், மொத்தம் 132. நடுவில் நான்கு இடைவெளி, ஒவ்வொன்றும் 12 இஞ்ச், 48. மிச்சம் 60. இரண்டு ஓரத்திலும் 30, 30. ஓரத்தில் அதிகம் விட்டு நடுவில் நெருக்கினால் ஐந்தும் ஒரு குழுவாகத் தெரியும்.

ஆணியின் உயரம்தான் எல்லோரும் தடுமாறும் இடம். ஃப்ரேமின் பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இரண்டு பக்கமும் டி-வளையம் திருகி, முறுக்குக் கம்பியை வளையத்தில் இரண்டு தரம் நுழைத்து ஏழெட்டுச் சுற்று முறுக்குங்கள். கம்பி, படத்தின் எடையைப்போல நான்கு மடங்கு தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பியின் நடுவை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து ஃப்ரேமின் மேல் விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். 30 இஞ்ச் உயரப் படம், கம்பி விளிம்புக்கு 6 இஞ்ச் கீழே நிற்கிறது என்றால்: 58 கூட்டல் பாதி உயரம் 15, கழித்தல் 6. ஆணி 67 இஞ்சில். 20 இஞ்சுக்கு மேல் அகலமான படத்துக்கு ஒரே ஆணி போதாது. காற்றாடி ஓடினாலே கோணும். இரண்டு ஆணி அடிப்பதாக இருந்தால் இரண்டு விரலால் கம்பியைத் தூக்கி அந்த நிலையில் அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரு விரலில் தூக்கும்போது வரும் அளவு வேறு.

செங்கல் சுவரில் 6 மில்லிமீட்டர் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகுங்கள். துளைக்கும் இடத்துக்குக் கீழே மாஸ்கிங் டேப்பை மடித்துச் சிறு பையாக ஒட்டினால் தூசு அதில் விழும். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் பொட்டு ஒட்டினால் வழுக்காது, பின்னால் காற்றும் ஓடும். ஒருவர் மாட்ட, ஒருவர் ரசமட்டம் பிடிக்க, மூன்றாமவர் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். ரசமட்டம் சரி என்றாலும் கூரை சரிந்திருந்தால் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். அப்போது தூரத்தில் நிற்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

துணி வேலையை ஆணியில் நேராகக் குத்தாதீர்கள். மேல்மடிப்பில் குழாய்போலத் தைத்து உள்ளே மரக்கழி விட்டால் எடை முழுதும் பரவும். ஆணியில் தொங்கினால் ஒரு வாரத்தில் நெசவு இழுத்துக்கொள்ளும்.

விளக்கு, செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் படத்தின் மையத்தில் விழ வேண்டும். 10 அடிக் கூரையில் மையம் 58 இஞ்சில் என்றால், விளக்கு சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருந்தால் அந்தச் சாய்வு வரும். கூட்டினால் பார்ப்பவர் நிழல் படத்தில் விழும். குறைத்தால் ஃப்ரேமின் நிழல் பட்டையாக இறங்கும், கேன்வாஸின் ஒவ்வொரு முடிச்சும் துருத்தும். நிறம் காட்டும் தரம் (CRI) 90க்கு மேலுள்ள எல்இடி கேட்டு வாங்குங்கள், எல்லாமே ஒரே வெப்பநிலையில், 3000 அல்லது 4000 கெல்வின். இரண்டும் கலந்தால் ஒரே சுவர் பாதி மஞ்சள், பாதி நீலம்.

லேபிளில் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு என்ற வரிசை. அளவில் உயரம் முதலில். படத்துக்கு வலப்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில், 16 புள்ளி எழுத்துக்குக் குறையாமல். வயதான ஒருவரைக் கூப்பிட்டுக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். "கேன்வாஸில் கலப்பு ஊடகம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், கரி, அக்ரிலிக், தேயிலைச் சாறு என்று உள்ளதை எழுதினால் பார்ப்பவர் இன்னொரு நிமிடம் நிற்பார். வாசல் சுவரின் அறிமுகம் 150 சொல்லுக்குள், தமிழில் முதலில். அதை ஒருவரே எழுதட்டும். பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு வரி சேர்த்த அறிமுகத்தை யாரும் படித்து முடிப்பதில்லை.

நடக்கும் வாரமும் இறக்கும் நாளும்

திறப்பு விழாவுக்கு முன்னால், கூடம் காலியாக இருக்கும்போதே புகைப்படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சுவரும் முழுதாக, ஒவ்வொரு வேலையும் தனியாக, கேமரா படத்தின் மையத்துக்கு நேராக. கண்ணாடி போட்ட வேலைக்கு முன்னால் இருவர் கறுப்புத் துணி பிடித்து, லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை விட்டால் பிரதிபலிப்பு வராது.

காவலுக்கு எந்நேரமும் இருவர். மேசையில் விலைப்பட்டியல், பார்வையாளர் நோட்டு, பேனா, சிறு சுத்தியல், மிச்ச லேபிள், விற்றதைக் காட்டும் சிவப்புப் பொட்டு. முன்பணம் கைக்கு வந்தபிறகே சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஒட்டினால் உண்மையில் வாங்க வந்தவர் திரும்பிப்போவார். தினமும் காலையில் சாய்ந்த படங்களை நிமிர்த்தி, கண்ணாடியைத் துடையுங்கள், துணியில் தெளித்துத்தான், கண்ணாடி மேல் நேரே தெளித்தால் நீர் விளிம்பில் இறங்கி மவுண்ட் கறைபடும்.

இறக்கும்போது அக்ரிலிக் ஓவியங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கவே கூடாது. சென்னை வெயிலில் வண்டிக்குள் அந்த வண்ணம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தோலோடு வரும். நான்கு மூலையிலும் அட்டை முக்கோணம் மாட்டி, அதன் மேல் குமிழ்த்தாளைக் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். குமிழ் உள்பக்கம் இருந்தால் வட்ட வட்டமாகத் தடம் பதியும்.

பிளக்கைப் பிடுங்கி, துளையில் பட்டி அடைத்து, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, சுவரின் அதே வெள்ளையை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். தூரிகையால் தீட்டினால் திட்டு தெரியும். கூடப் பொறுப்பாளரை அழைத்துச் சுவரைக் காட்டி, கூடத்துக்குக் கட்டிய முன்பணத்தைத் திருப்பி வாங்குங்கள். கணக்கு நோட்டை ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பி மீதியைப் பிரியுங்கள். அச்சுத் தொகுப்பு செய்திருந்தால், பத்துப் பேரும் தங்கள் உறையை வாங்கிக்கொண்ட அன்றே, எல்லோர் முன்னாலும் இனி யாரும் அதில் அச்செடுக்க முடியாதபடி ஒவ்வொரு பிளாக்கிலும் குறுக்கே ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டோடு ஒரு அச்செடுத்துத் துறைக்குப் போகும் பிரதியோடு வைத்துவிடுங்கள்.